ரசீதில் 0.30000000000000004 வருகிறதா?

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடை ரசீதில் 10 சென்னும் 20 சென்னும் சேர்ந்து 0.30000000000000004 வெள்ளி என்று வந்தால், கணக்கு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். எண்களைத் தோராயமாகச் சேமிக்கும் டபுள் பிரிசிஷன் வகை 0.1-ஐ இரும எண்ணில் முழுதாக வைத்துக்கொள்ள முடியாது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 12-ஆம் பதிப்பு முதல் அந்த நுண்ணிய வேறுபாட்டை மறைக்காமல் காட்டுகிறது.

'செட் எக்ஸ்ட்ரா_ஃப்ளோட்_டிஜிட்ஸ் = 0' கொடுத்தால் 15 இலக்கத்தோடு நின்று 0.3 வரும். ஆனால் மாறுவது காட்சி மட்டுமே. உள்ளே இருக்கும் மதிப்பு அப்படியேதான் இருக்கும். சமம் பார்க்கும் நிபந்தனை அதே இடத்தில் மறுபடியும் தவறும்.

இரண்டு தசமம் வேண்டுமென்று டபுள் பிரிசிஷன் மதிப்புக்கு நேரே ரவுண்ட் (முழுமையாக்கும் ஃபங்ஷன்) போட்டால், அப்படியொரு ஃபங்ஷனே இல்லை என்று பிழை வரும். முதலில் தசமத்தைத் துல்லியமாக வைக்கும் நியூமெரிக் வகைக்கு மாற்றுங்கள், பிறகு ரவுண்ட். பணத்துக்கு நெடுவரிசையையே நியூமெரிக்(12,2), அதாவது மொத்தம் 12 இலக்கம், அதில் 2 தசமம், என்று அமைப்பதுதான் சரி. இதில் சமரசம் வேண்டாம்.

ரொக்கமாகக் கட்டும் தொகையை 5 சென்னின் மடங்காக முழுமையாக்க வேண்டுமா? மொத்தத் தொகையை 20-ஆல் பெருக்கி, ரவுண்ட் செய்து, 0.05-ஆல் பெருக்குங்கள்: 12.53 வெள்ளி 12.55 ஆகும். 0.05-ஆல் பெருக்காமல் 20-ஆல் வகுத்தால் பின்னால் பூஜ்யங்கள் வால்போல் நீளும். பொருளுக்குப் பொருள் முழுமையாக்காதீர்கள், மொத்தத்துக்கு மட்டும்.