பேங்க் 1, சென்சார் 2: எண்ணிப் பார்க்காமல் கழற்றாதீர்கள்

புதிதாக கார் ஸ்கேனர் வாங்கிய பையன்களைப் பார்த்தால் என் பழைய முகம்தான் ஞாபகம் வருகிறது. திரையில் கோடு, அதாவது கோளாறு எண், வந்ததும் கை ஸ்பேனரைத் தேடும். சூடான சைலன்சரைத் தொடாதே என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை, ஒருமுறை சுட்டால் தெரிந்துவிடும். புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் எங்கே இருக்கிறது என்பதில் செய்கிற தவறுகள் அப்படியல்ல. அவை காசைத் தின்பவை.

பேங்க் எது என்று குத்துமதிப்பாக முடிவு செய்வது

பல வருடம் முன்பு பட்டறைக்கு ஒரு வி6 செடான் வந்தது. குறுக்கே வைத்த என்ஜின். ஒரு வரிசை சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம், இன்னொரு வரிசை ஃபயர்வால் பக்கம், அதாவது என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டுப் பக்கம். ஒவ்வொரு வரிசையும் ஒரு பேங்க். ஸ்கேனரில் பி0155, அதாவது பேங்க் 2, சென்சார் 1, சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் சர்க்யூட். முன்னால் இருப்பது ஒன்று, பின்னால் இருப்பது இரண்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஃபயர்வால் பக்கம் கை நுழையவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, 22 எம்எம் சாக்கெட்டை மாட்டி மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினேன். சென்சார் வந்தது, மரையையும் உரித்துக்கொண்டு வந்தது. மரையைச் சரிசெய்து, புது சென்சார் போட்டு, கோடை அழித்து ஸ்டார்ட் செய்தால், மறுபடியும் பி0155.

முதல் சிலிண்டர் எந்தப் பக்கமோ அதுதான் பேங்க் 1. முன், பின் கணக்கெல்லாம் அதில் கிடையாது. ஹோண்டாவின் ஜே வரிசை வி6, டொயோட்டாவின் 2ஜிஆர் இரண்டிலும் முதல் சிலிண்டர் ஃபயர்வால் பக்கம். நான் கழற்றிய வண்டியும் அந்த ரகம். செத்துப்போன சென்சார் ரேடியேட்டருக்குப் பின்னால், பானட்டைத் திறந்தால் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருந்தது. பத்து நிமிட வேலை! வண்டிக்காரரிடம் ஒரு சென்சாருக்குத்தான் காசு கேட்க முடிந்தது, இன்னொன்று என் கணக்கில். இப்போதும் அந்த எண்ணைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

இப்போது நான் செய்வது இதுதான். என்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சந்தேகப்படும் சென்சாரின் கப்ளரை, அதாவது ஒயர் இணைப்பை, பிடுங்குவேன். திரையில் எந்த வரி செத்துப்போகிறதோ, அதுதான் அந்த சென்சாரின் பெயர். ஹீட்டர் கோடு என்றால் அப்படியே என்ஜினை நிறுத்திவிட்டு, கப்ளரின் சென்சார் பக்கத்தில் ஹீட்டர் முனைகளை மல்டிமீட்டரால் பார்ப்பேன். சில ஓம் காட்டினால் உள்ளே கம்பி இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. அதன் பிறகுதான் ஸ்பேனர்.

அமெரிக்க வீடியோவின் 'பாசஞ்சர் சைடு'

ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 வி8 என்ஜினில் பேங்க் 1 எது என்று கேட்டால் அமெரிக்கக்காரர் 'பாசஞ்சர் சைடு' என்பார். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். நம் ஊருக்கு வந்த மஸ்டாங்கில் அதே பக்கத்தில் டிரைவர் உட்கார்ந்திருக்கிறார். சீட்டில் உட்கார்ந்து முன்னால் பார்த்து, இடது வலது என்று மட்டும் பேசுங்கள்.

சென்சார் 2-ஐ பேங்க் 2 என்று படிப்பது

ஸ்விஃப்ட் மாதிரி நேர்வரிசை என்ஜினில் பேங்க் 2 என்ற பேச்சே இல்லை. சென்சார் 1 புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன், சென்சார் 2 அதற்குப் பின். என்ஜினிலிருந்து எண்ண வேண்டும், வால் குழாயிலிருந்து அல்ல.

பி0420 வந்ததும் பின் சென்சாரை மாற்றுவது

பி0420 என்றால் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற கோடு. வழக்கமான சென்சார் என்றால் முன்னது 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே குதித்துக்கொண்டே இருக்கும், பின்னது அவ்வளவாக அசையாது. பின்னதும் கூடச் சேர்ந்து குதித்தால் முதலில் குழாயில் கசிவு இருக்கிறதா பாருங்கள், அப்புறம் கன்வெர்ட்டரைச் சந்தேகப்படுங்கள். பாவம், அந்த சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது.

இரண்டு முன் சென்சார்களின் கப்ளரை இடம் மாற்றிச் செருகுவது

வி6-இல் நடக்கும். ஒரு பேங்குக்குப் பெட்ரோல் கூடிக்கொண்டே போகும், இன்னொன்றுக்குக் குறைந்துகொண்டே போகும். கழற்றும்போதே டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

இறுகாமலிருக்கப் போடும் பேஸ்ட்

மரைக்கு மட்டும். முனையில் பட்டால் புது சென்சார் போச்சு.