மீன்குஞ்சுகள் எங்கே வளர்கின்றன? கழிமுக வாழிட மாதிரியைப் படிப்படியாகச் செய்வது எப்படி

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு நாள் காலையில் வலை இழுத்தோம். நீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். கரையோரம் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பத்து மீட்டர் இழுத்தும் இலைச்சருகும் இரண்டு சிறு நண்டுகளும்தான் மிஞ்சின. பிற்பகலில் நீர் ஏறி முழங்காலைத் தொட்டபோது அதே இடத்தில் அதே வலையை இழுத்தோம். வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் மடவைக் குஞ்சுகள் துள்ளின. ஒவ்வொன்றும் ஒரு விரற்கணு நீளம். சாம்பல் முதுகு, வெள்ளி வயிறு, உடம்புக்குப் பெரிதான கண்.

அன்று காலையில் மட்டும் போயிருந்தால் அந்த இடத்துக்கு ‘மீன் இல்லை’ என்று எழுதியிருப்போம். கழிமுகத்தில் மீன்குஞ்சின் வாழிடத்தை நேரத்தைச் சொல்லாமல் வரைய முடியாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அதை மனதில் வைத்தே அமைந்தவை.

வெள்ளாற்றை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இடையில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் பிச்சாவரம் அலையாத்திக் காடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையிலேயே இருப்பதால், தமிழகத்தில் அதிகம் ஆராயப்பட்ட கழிமுகங்களில் இதுவும் ஒன்று. பிச்சாவரம் வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. அங்கே வலை இறக்குமுன் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். எண்ணி முடித்த குஞ்சுகளை உயிரோடு தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

படி 1: ஒரே ஒரு மீன், ஒரே ஒரு வளர்ச்சிப் பருவம்

வாழிட மாதிரி என்பது, எந்த இடம் குஞ்சுக்கு எவ்வளவு ஏற்றது என்று மதிப்பிடும் கணக்கு. ‘எல்லா மீன்குஞ்சுகளுக்கும்’ ஒரே மாதிரியைச் செய்ய நினைக்காதீர்கள். மடவை கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வளர்ந்ததும் கழிமுகத்துக்குள் நுழைகின்றன. முதலில் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பவை, கொஞ்சம் வளர்ந்ததும் சேற்றின் மேல் படியும் பாசியையும் மட்கையும் மேயத் தொடங்குகின்றன. ஆகவே அவற்றுக்குச் சேறு வேண்டும். கிழங்கானோ மணல்தரை மீன். மிரண்டால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் சேறும் மணலும் ஒன்றையொன்று அழித்து, எங்கும் ‘சுமார்’ என்று சொல்லும் பயனற்ற வரைபடம் கிடைக்கும்.

இங்கே நாம் எடுத்துக்கொள்வது 2 முதல் 5 சென்டிமீட்டர் வரையுள்ள மடவைக் குஞ்சு.

படி 2: நிற்பதையும் அசைவதையும் பிரியுங்கள்

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் நாள்தோறும் மாறாதவை: தரையின் உயரம், சேறா மணலா என்பது, அலையாத்தி மரங்களின் விளிம்பு, ஓடைகளின் வளைவு. வலப்பக்கம் தண்ணீரோடு அசைபவை: ஆழம், உப்பு, வெப்பம், கலங்கல், கரைந்த ஆக்சிஜன்.

கோடையில் முகத்துவாரத்தில் உப்பு கடல்நீருக்குச் சமமாக ஆயிரத்துக்கு 35 பங்கை எட்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகினால் அதே இடத்தில் கிட்டத்தட்ட நன்னீர் ஓடும். மரம் அங்கேயேதான் நிற்கிறது, அதன் வேரைச் சுற்றும் தண்ணீர் வேறாகிவிட்டது. நல்ல தரையும் நல்ல தண்ணீரும் எப்போது, எங்கே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்பதே நம் கேள்வி.

படி 3: அடித்தள வரைபடம்

கியூஜிஐஎஸ் என்னும் இலவச வரைபட மென்பொருள் போதும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 படங்களும் இலவசம். 10 மீட்டர் துல்லியம் கிடைக்கும். பச்சை ஒளிக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர் தனியாகவும் நிலம் தனியாகவும் பிரியும். நீர் ஏறியிருந்த நாளின் படத்தையும் வற்றியிருந்த நாளின் படத்தையும் ஒப்பிட்டால், நனைந்து காயும் விளிம்பு துலங்கும். குஞ்சுகளுக்கு முக்கியமான பகுதி அதுதான். இந்தச் செயற்கைக்கோள் எப்போதும் காலை பத்தரை மணியை ஒட்டியே கடப்பதால் எல்லா நீர்மட்டங்களும் படத்தில் சிக்குவதில்லை; கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பார்த்துப் படங்களைப் பொறுக்குங்கள்.

அதன்மேல் 20 மீட்டர் கட்டங்களைப் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்.

படி 4: வலையும் குறிப்பேடும்

இந்தப் படியில் அவசரப்பட்டால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

நுண்கண் வலை, அளவு குறித்த கழி, வெப்பமானி, உப்புமானி, ஆக்சிஜன் அளக்கும் கருவி, வெள்ளைத் தட்டு. கலங்கலை அளக்கக் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிய 20 சென்டிமீட்டர் செக்கி தட்டு. அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் குஞ்சுகள் மேயும் ஆழமற்ற விளிம்பில் தட்டு மறையுமுன்பே தரை தட்டிவிடும். அங்கே ‘தரை தெரிந்தது’ என்று எழுதுங்கள், ஆழத்தை மறைந்த அளவாக எழுதிவிடாதீர்கள்.

வலை விரிந்த அகலம் 5 மீட்டர், இழுத்த தூரம் 10 மீட்டர் என்றால் 50 சதுர மீட்டர். அதில் 23 குஞ்சுகள் கிடைத்தால் சதுர மீட்டருக்கு 0.46. நேரம், நீர் ஏறுகிறதா வற்றுகிறதா, ஆழம், தரை, உப்பு, ஆக்சிஜன் எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதுங்கள். ஒன்றும் விழாத இழுப்பையும் விடாமல் எழுதுங்கள். சுழியம் இல்லாத குறிப்பேட்டிலிருந்து மீன் எங்கே இல்லை என்பதை எந்தக் கணிதத்தாலும் கண்டறிய முடியாது.

இன்னொன்று: சுரபுன்னையின் தாங்கு வேர்களுக்கிடையே வலையை இழுக்க முடியாது. அதனால் அலையாத்தி வேர்ப்பகுதி குறிப்பேட்டில் காலியாகத் தெரியும். உண்மையில் குஞ்சுகள் நெருங்கி ஒளியும் இடம் அது. சிறு ஓடைகளில் நீர் உச்சத்தில் நிற்கும்போது வாயிலில் தடுப்பு வலை கட்டி, வற்றும்போது வெளியேறும் குஞ்சுகளை எண்ணுவது நல்ல வழி. இழுத்த எண்ணிக்கையையும் தடுத்த எண்ணிக்கையையும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள்.

படி 5: ஏற்பு மதிப்பெண்

அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவை 1980களின் தொடக்கத்தில் பரவலாக்கிய வாழிட ஏற்புக் குறியீடு என்ற முறை, தொடங்குபவர்களுக்கு இன்றும் ஏற்றது. ஒவ்வொரு காரணிக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண் தருவோம். பயிற்சிக்காக நான் வைத்திருக்கும் மதிப்புகள் இவை. உங்கள் குறிப்பேடு நிறையும்போது இவற்றைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆழம் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை 1. ஒரு மீட்டரில் 0.5, இரண்டு மீட்டருக்கு மேல் 0.1. தரை சேறாக இருந்தால் 1, மணல் கலந்த சேறு 0.8, வெறும் மணல் 0.3. அலையாத்தி விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள் 1. 50 மீட்டரில் 0.5, 100 மீட்டருக்கு அப்பால் 0.2. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் 0. 5க்கு மேல் 1. இடைப்பட்டவற்றுக்கு நேர்கோட்டில் கணக்கிடுங்கள். உப்பை நான் சேர்க்கவில்லை. மடவைக் குஞ்சு பரந்த அளவு உப்பு மாற்றத்தைத் தாங்கும். உப்புக்கு அஞ்சும் மீனோ நன்னீருக்கு அஞ்சும் மீனோ என்றால் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

இப்போது ஒரு கட்டம். ஆழம் 40 சென்டிமீட்டர்: 1. மணல் கலந்த சேறு: 0.8. மரவிளிம்பு 18 மீட்டர் தொலைவு: 0.9. ஆக்சிஜன் 3.5: 0.5. நான்கையும் பெருக்கினால் 0.36, அதன் நான்காம் மூலம் 0.77. இதுவே பெருக்கல் சராசரி.

கூட்டிச் சராசரி எடுத்தால் 0.80 வரும், இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். ஆழம், தரை, மரவிளிம்பு மூன்றும் 1. கழிவுநீர் தேங்கி ஆக்சிஜன் 0. கூட்டல் சராசரி 0.75 என்று சொல்லி அதை நல்ல இடம் ஆக்கிவிடும். பெருக்கல் சராசரி 0 என்கிறது. மூச்சு விட முடியாத இடத்தில் எவ்வளவு இரை இருந்து என்ன பயன்? பெருக்கல் சராசரியையே பயன்படுத்துங்கள். எக்செல்லில் அதற்கென உள்ள சார்பு, மதிப்புகளில் சுழியம் இருந்தால் பிழை காட்டும். அதனால் நேரடியாகப் பெருக்கி, விடையை 0.25 அடுக்குக்கு உயர்த்துங்கள்.

படி 6: ஒன்றல்ல, நான்கு வரைபடங்கள்

மே மாத ஏற்றம், மே மாத வற்றல், நவம்பர் ஏற்றம், நவம்பர் வற்றல். நீர்மட்டத்திலிருந்து தரை உயரத்தைக் கழித்தால் அந்த நேரத்து ஆழம் கிடைக்கும். நான்கிலும் 0.6க்கு மேல் நிற்கும் கட்டங்களை ஒரு நிறத்திலும், ஒரே ஒரு நிலையில் மட்டும் தேறுபவற்றை வேறு நிறத்திலும் காட்டுங்கள். இரண்டாம் வகையை அற்பமாக நினைக்காதீர்கள். காலையில் காலியாக இருந்த எங்கள் கரையோரம் அந்த வகைதான்.

இரண்டு பொறிகளில் கவனம் தேவை. அளந்த புள்ளிகளுக்கு இடையே மென்பொருள் மதிப்புகளை நிரப்பும்போது நேர்கோட்டுத் தூரத்தைத்தான் பார்க்கும். அடுத்தடுத்து ஓடும் இரு ஓடைகளுக்கு இடையே மேடு இருப்பது அதற்குத் தெரியாது. ஆற்றின் வழியே உள்ள தூரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். அடுத்தது, குஞ்சு அங்கே வந்துசேர முடியுமா என்பது. சென்னையில் அடையாறு முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கும் மாதங்களில், உள்ளே எவ்வளவு நல்ல கட்டம் இருந்தாலும் கடலில் பிறந்த குஞ்சுக்கு வழியில்லை. வாய் அடைந்திருந்தால் உள்கட்டங்களின் மதிப்பெண்ணைச் சுழியமாக்குங்கள்.

படி 7: மாதிரியைச் சோதிப்பது

நூறு இழுப்புகளாவது சேர்ந்த பிறகு, குஞ்சு கிடைத்தது 1, கிடைக்காதது 0 என்று வைத்து, ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருளில் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் ஓட்டுங்கள்; ஒவ்வொரு காரணியும் குஞ்சு கிடைக்கும் வாய்ப்பை எவ்வளவு மாற்றுகிறது என்று கணக்கிடும் முறை அது. நாம் கையால் தந்த மதிப்பெண்களில் எவை தாக்குப்பிடிக்கின்றன என்று அது காட்டும். சோதனைக்கு இழுப்புகளைக் கலைத்துப்போட்டுப் பிரிக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து இழுப்புகள் ஒன்றுபோலவே இருப்பதால் மாதிரி தேறிவிட்டதாகத் தோன்றும். ஓர் ஓடை முழுவதையும் ஒதுக்கிவைத்து, மற்ற ஓடைகளில் கற்றதைக் கொண்டு அதைக் கணிக்கச் சொல்லுங்கள். குஞ்சு கிடைத்த ஓர் இடத்தையும் கிடைக்காத ஓர் இடத்தையும் எடுத்தால், முதலாவதற்கு மாதிரி அதிக மதிப்பெண் தரும் வாய்ப்பு எவ்வளவு? 0.5 என்றால் காசு சுண்டிப்பார்ப்பதற்குச் சமம்.

தேறினாலும் அந்த இடத்தை ‘நாற்றங்கால்’ என்று எழுதிவிடாதீர்கள். 2001இல் முன்வைக்கப்பட்டு இன்று பலரும் ஏற்கும் வரையறைப்படி, அடர்த்தி, வளர்ச்சி, பிழைப்பு, வளர்ந்த மீனாகக் கடலுக்குத் திரும்புதல் என்ற நான்கும் சேர்ந்து, பரப்புக்குப் பரப்பு மற்ற இடங்களைவிட அதிக வளர்ந்த மீன்களைத் தருவதே நாற்றங்கால். நாம் அளந்தது அந்த நான்கில் முதலாவதை மட்டும்.

படி 8: வரைபடத்தைக் கரைக்கு எடுத்துச் செல்லுங்கள்

தாளில் பெரிதாக அச்சிட்டு, அங்கே தொழில் செய்யும் மீனவர்களிடம் விரியுங்கள். ‘இது சரியா’ என்று கேட்காமல், ‘மடவைக் குஞ்சை எங்கே, எந்த மாதம், எந்தத் தண்ணீரில் பார்ப்பீர்கள்’ என்று கேட்டு, அவர்கள் கையிலேயே பேனாவைக் கொடுங்கள். அவர்கள் வட்டமிட்டதும் உங்கள் மாதிரி வெறுமையாக விட்டதும் ஒரே கட்டமாக இருந்தால், அடுத்த இழுப்பு அங்கேதான். நீர் ஏறும்போது ஒருமுறை, வற்றும்போது ஒருமுறை இழுத்து, கிடைத்ததைச் சுழியம் உட்பட அட்டவணையில் சேர்த்துவிட்டு, ஐந்தாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.