கடலோரப் பள்ளிகளில் வாழ்க்கைத் திறன் வகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதியிலுள்ள பள்ளிகளுக்கு, மாணவர் மனநலம், வாழ்க்கைத் திறன் என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளை எடுக்கத் தன்னார்வலராகப் போய் வருகிறேன். நல்லெண்ணத்தோடு செய்தும் பிள்ளைகளுக்கு உதவாமல் போன, சில நேரம் அவர்களை நோகடித்த தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். முதல் தவறு நான் செய்தது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, "உங்களை ரொம்ப வருத்தும் ஒன்றை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். நான்காவதாக எழுந்த பையன் பேசவில்லை. பெஞ்சின் ஓரத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான். பக்கத்திலிருந்த பிள்ளைதான், "அவங்கப்பாவ சிலோன் நேவி பிடிச்சிட்டுப் போயிருச்சு சார்" என்றது. வகுப்பு முழுவதற்கும் தெரிந்திருந்த அந்தச் செய்தி எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. அதற்கடுத்த இரண்டு நாட்கள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

மனத்திலிருப்பதை வெளியே கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற நம்பிக்கை, யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும்போது மட்டுமே பொருந்தும். நாற்பது பேர் பார்த்திருக்கக் கேட்பது உதவி அல்ல, விசாரணை. இப்போதெல்லாம் வகுப்பு தொடங்கும்போதே, "பேச விருப்பமில்லை என்றால் 'அடுத்து' என்று சொல்லலாம், காரணம் கேட்க மாட்டேன்" என்று அறிவித்துவிடுகிறேன். தனியாகப் பேச வேண்டியிருந்தால், நோட்டுப் புத்தகங்களை அடுக்க உதவிக்குக் கூப்பிடும் சாக்கில் பேசுவது, எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசுவதைவிடப் பலனளிக்கிறது. அப்போதும், "அப்பா சீக்கிரம் வந்துவிடுவார்" என்று சொல்லிவிடக் கூடாது. இலங்கை நீதிமன்றம் காவலை எத்தனை முறை நீட்டிக்கும் என்பது நமக்குத் தெரியாது. சொன்ன நாளில் அப்பா வராவிட்டால், அந்தப் பிள்ளை அதன்பின் நம் பேச்சை நம்பாது. காலையில் சாப்பிட்டாயா, மனு கொடுக்க அம்மாவுடன் துணைக்குப் போவது யார், தம்பியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பவை கேட்கத் தகுந்த கேள்விகள்.

வாழ்க்கைத் திறனைப் பாடமாக்கி எழுத வைப்பது அடுத்த தவறு. தன்னை அறிதல், பிறர் நிலையுணர்தல், முடிவெடுத்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் எனப் பத்துத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் 1990களில் தொகுத்துத் தந்தது. பட்டியலில் குறையொன்றும் இல்லை. அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "பிறர் நிலையுணர்தல் என்றால் என்ன?" என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கியதைப் பார்த்திருக்கிறேன், முழு மதிப்பெண் வாங்கிய மாணவன் இடைவேளையில் திக்குவாய்ப் பையனைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான்.

சிரித்த முகம், அழுத முகம், கோப முகம் வரைந்த அட்டையைக் காட்டி, "இன்று நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. நம் பிள்ளைகள் துயரத்தை அந்தப் பெயர்களில் சொல்வதில்லை. "ஒரு மாதிரியா இருக்கு", "வயிறு வலிக்குது டீச்சர்" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். வயிற்றுவலி என்றதும் நடிப்பு என்று அதட்டவும் வேண்டாம், மனக்கவலை என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். உடம்பைப் பார்த்துவிட்டு, எந்தெந்த நாளில் வலிக்கிறது என்று குறித்து வைத்தால் விடை தானாகத் தெரியவரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடற்பாசி எடுக்க விடியுமுன் போய்விடும் தாய்மார்கள் இந்தக் கரையில் உண்டு. அந்த நாட்களில் வீட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான்.

அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளுக்குத்தான் மூச்சுப் பயிற்சியைப் புதிதாக எதையோ கண்டுபிடித்தது போலச் சொல்லிக் கொடுக்கிறோம். விரலில் துணி சுற்றி, மூச்சை அடக்கி முங்கும் அம்மா, முங்குவதற்கு முன் தன்னை எப்படி நிதானப்படுத்திக்கொள்கிறார் என்று கேட்டு வரச் சொன்னாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். அதற்காக, கடல் தொழிலே போதும், பள்ளி எதற்கு என்று பேசுவது வேறு வகை அபத்தம்.

பணத்தைப் பற்றிய பாடத்தில் உள்ளூர்க் கணக்கே வருவதில்லை. தினமும் பத்து ரூபாய் உண்டியலில் போடு என்பது மாதச் சம்பள வீட்டுக்கு உரிய அறிவுரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாத தடைக்காலம். அது முடிவதும் பள்ளி திறப்பதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வருகின்றன. மார்ச் மாதத்தில் ஒரு வாரம் நல்ல மீன்பாடு கிடைத்தால், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், வலைச் செலவு, தடைக்கால அரிசி, ஜூன் மாதத்துப் புத்தகப்பை என்று அதை எப்படிப் பிரிப்பது எனக் கேட்டபோது, என் வகுப்பில் வாதம் மணி அடித்த பிறகும் ஓயவில்லை.

"நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுப்பது ஆபத்தான தவறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். "உன் பாதுகாப்புக்குத் தேவையானால் மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டு, உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வேன்" என்பதே நாம் காப்பாற்றக்கூடிய வாக்கு.

"உன்னை ஏர்வாடிக்குத்தான் அனுப்பணும்" என்று கேலி பேசும் வழக்கத்தை ஆசிரியர்களாவது விட்டுவிட வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, அந்த ஊரில் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் அந்தப் பெயரைக் கேலிக்கு எடுப்பவர் பிள்ளைக்குக் கற்பிப்பது ஒன்றுதான்: மனம் சரியில்லை என்று வெளியே சொன்னால் மானம் போகும்.

குழந்தைகள் உதவிக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416 என்று சுவரில் எழுதிவிட்டதோடு கடமை முடிந்ததாக நினைப்பதும் தவறே. எண் தெரிந்தும் அழைக்காததற்குக் காரணம், முதலில் என்ன சொல்வதென்று பிள்ளைகளுக்குத் தெரியாததுதான். பழைய கைபேசி இரண்டை வைத்து, ஒருவர் அழைப்பவராகவும் மற்றவர் ஆலோசகராகவும் பேசிப் பார்க்க வைக்கிறோம். முதல் முறை எல்லோரும் சிரித்துவிடுகிறார்கள். இரண்டாம் முறை ஒரு மாணவி, "எடுத்தவுடனே என்ன சொல்லணும் டீச்சர், பிரச்சினைக்குப் பேரு தெரியலையே" என்று உடனிருந்த ஆசிரியையிடம் கேட்டாள். "ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது என்று சொன்னால் போதும்மா, மிச்சத்தை அவங்க கேட்பாங்க" என்றார் அவர்.