சோப்பு செய்ய எந்த ஆலிவ் ஆயில் வாங்கறது? எக்ஸ்ட்ரா விர்ஜின் தேவையே இல்லை

ஆலிவ் ஆயில் சோப்பு செய்யலாம்னு கடை அலமாரி முன்னாடி போய் நின்னா எக்ஸ்ட்ரா விர்ஜின், விர்ஜின், ப்யூர், லைட், பொமேஸ்னு அஞ்சாறு பேர் இருக்கும், விலையும் ஒண்ணுக்கொண்ணு எங்கேயோ இருக்கும். விலை கூடினதைப் போட்டாத்தான் சோப்பு நல்லா வரும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. சமையலுக்கு அது சரிதான், ஆனா காஸ்டிக் சோடால கொட்டப்போற எண்ணெய்க்கு கணக்கே வேற.

இந்த கிரேடெல்லாம் பிரிச்சதே சாப்பிடறவங்களுக்காக. எக்ஸ்ட்ரா விர்ஜின்னா பழத்தை அரைச்சு மெஷின்லயே எண்ணெயைப் பிரிச்சு எடுத்தது, ருசில குறை இருக்கக்கூடாது, ஃப்ரீ ஆசிட் (கொழுப்புலேருந்து பிரிஞ்சு நிக்கற அமிலம்) 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விர்ஜின்ல அது 2 சதவீதம் வரைக்கும் போகலாம். ருசி கெட்டுப்போன, ஆசிட் ஏறின எண்ணெயை ரிஃபைன் பண்ணி வாசனை நிறமெல்லாம் எடுத்துட்டு அப்புறம் கொஞ்சம் விர்ஜின் கலந்து விக்கறதுதான் வெறும் ஆலிவ் ஆயில், ப்யூர், கிளாசிக், லைட்னு வர்ற பாட்டில் எல்லாம். லைட்ல கொழுப்பு ஒண்ணும் கம்மி இல்ல, நிறமும் ருசியும்தான் கம்மி. பொமேஸ்ங்கறது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சற புண்ணாக்குல ஒட்டிட்டிருக்கறதை சால்வென்ட் ஊத்தி எடுத்து, ரிஃபைன் பண்ணி, அதுலயும் கொஞ்சம் விர்ஜின் சேத்தது.

இப்ப சோப்பு பக்கத்துலேருந்து பாருங்க. சோப்போட குணத்தை முடிவு பண்றது கொழுப்பு அமிலங்கள்தான், ஆலிவ்ல மெயினா ஓலிக் ஆசிட், சுமாரா 55லேருந்து 85 சதவீதம் வரைக்கும் இருக்கும், இது பாட்டில் மேல இருக்கற கிரேடை விட மரத்தோட ரகத்தையும் விளைஞ்ச இடத்தையும் பொறுத்துதான் கூடும் குறையும். எக்ஸ்ட்ரா விர்ஜினுக்கு மவுசு குடுக்கற பாலிஃபினால், வாசனை இதெல்லாம் அந்தக் கடும் காரத்துல பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது, தப்பிச்சு வர்ற கொஞ்சநஞ்சமும் ஒரு நிமிஷத்துல தண்ணியோட போயிடும். பச்சை நிறத்துக்காக வாங்கறவங்களும் இருக்காங்க, சோப்பு காய்ஞ்சு க்யூர் ஆக ஆக அந்தப் பச்சை வெளுத்து க்ரீம் கலருக்கு வந்துடும், அதனால அதுக்கும் காசு செலவு பண்ண வேண்டாம்.

என்னைக் கேட்டா முதல் பேட்சுக்கு வெறும் ஆலிவ் ஆயில்னு போட்டிருக்கறதை வாங்குங்க. வெளிர் நிறமா வரும், கலர் சேத்தா கலர் அப்படியே தெரியும், ட்ரேஸ் (கலவை கெட்டியாக ஆரம்பிக்கற கட்டம்) நிதானமா வர்றதால டிசைன் பண்ண டைம் கிடைக்கும்.

பொமேஸ் கொஞ்சம் வேற மாதிரி ஆளு. சோப்பாகாத பொருள் மத்த ஆலிவ் எண்ணெய்ல 1.5 சதவீதம்தான் லிமிட், பொமேஸ்ல 3 வரைக்கும் அனுமதி உண்டு. ட்ரேஸும் சீக்கிரம் வந்துடும், ஸ்டிக் பிளெண்டரை ஓட்டிட்டு வேற வேலை பாக்கப் போனீங்கன்னா திரும்பி வர்றதுக்குள்ள களி மாதிரி இறுகிக் கிடக்கும். அதனால ஸ்வர்ல், அதாவது கலரைச் சுழிச்சு டிசைன், பண்றவங்களுக்கு இது ஆகாது, ஆனா கலக்கினோமா மோல்ட்ல ஊத்தினோமான்னு முடிக்கற பிளெயின் சோப்புக்கு அருமையா இருக்கும், நூறு சதவீத ஆலிவ் சோப்புல மணிக்கணக்கா கிண்டிட்டு நிக்கற தொல்லையும் குறையும். நிறம் மட்டும் லேசா பச்சை கலந்து வரும், வெள்ளையே வேணும்னா விட்டுடுங்க.

எக்ஸ்ட்ரா விர்ஜின் வீட்டுல தேதி முடியப்போற நிலைமைல இருந்தா தாராளமா போடலாம், ஆனா முதல்ல மோந்து பாருங்க. சிக்கு வாடை, பழைய கொட்டை வாடை, மெழுகு க்ரேயான் வாடை வந்தா அது சோப்புக்கும் வேண்டாம், கொஞ்ச மாசத்துல ஆரஞ்சு புள்ளி புள்ளியா வந்து சோப்பே நாறும். கிரேடை விட இதுதான் எனக்கு முக்கியமா படுது, புதுசா இருக்கற பொமேஸ் காறிப்போன எக்ஸ்ட்ரா விர்ஜினை விட எவ்வளவோ மேல். கலப்படமும் இதே வம்புதான், சோயா மாதிரி லினோலிக் ஆசிட் கூடின எண்ணெய் உள்ள இருந்தா சோப்பு சீக்கிரம் கெடும், லை (காஸ்டிக் சோடா) கணக்கும் லேசா தப்பும். ஃப்ரிட்ஜ்ல வச்சு உறையுதான்னு பாத்து அசலைக் கண்டுபிடிக்கலாம்னு சொல்றதை நம்பாதீங்க, அசல்லயே சிலது உறையும் சிலது உறையாது.

லை கணக்குல கிரேடுக்கு கிரேடு பெரிய வித்தியாசம் வராது. 1 கிலோ ஆலிவ் ஆயிலுக்கு சுமாரா 135 கிராம் காஸ்டிக் சோடா, 5 சதவீதம் சூப்பர்ஃபேட் (சோப்பாகாம மிஞ்சற எண்ணெய்) விட்டா 128 கிராம், தண்ணி அதுக்கு ரெண்டு மடங்கு வச்சா 256 கிராம். பொமேஸுக்கு துளி குறையும், அதனால சோப்பு கால்குலேட்டர்ல சரியான பேரைத் தேடி செலக்ட் பண்ணுங்க, எல்லாத்தையும் தராசுல நிறுத்துதான் எடுக்கணும், கப் ஸ்பூன் கணக்கெல்லாம் இங்க வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போட்டுக்கோங்க, காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணில போடணும், அதுமேல தண்ணியை ஊத்தக்கூடாது, அலுமினிய பாத்திரம் பக்கத்துலயே வரக்கூடாது.

எந்த கிரேடா இருந்தாலும் முழு ஆலிவ் சோப்பு ஆரம்பத்துல வழவழன்னு இருக்கும், நுரையும் பெருசா வராது. 4 வாரத்துல எடுத்து தேய்ச்சுட்டு எண்ணெய் சரியில்லைன்னு திட்டாதீங்க, 6 மாசம் காத்தோட்டமா வைங்க, ஒரு வருஷம் விட்டா இன்னும் நல்லா இறுகும். அவ்வளவு பொறுமை இல்லைன்னா எண்ணெய்ல 20, 25 சதவீதம் தேங்காய் எண்ணெயா மாத்திக்கோங்க, நுரையும் வரும் கட்டியும் சீக்கிரம் ஆகும், ஆனா அதுக்கு லை அதிகம் வேணும், கால்குலேட்டர்ல திரும்பப் போட்டுப் பாத்துட்டே ஆரம்பிங்க.