பாலியஸ்டர் துணியில் நாம் செய்யும் தவறுகள்

பாலியஸ்டரைத் திட்டாதவர்கள் குறைவு. வேர்க்கும், நாறும், நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது என்பார்கள். ஆனால் பீரோவைத் திறந்தால் பள்ளிச் சீருடை, ஆபீஸ் பேன்ட், தினமும் கட்டும் புடவை என்று பாதிக்கு மேல் அதுதான் இருக்கும். கசங்காது, சுருங்காது, மழைக்காலத்திலும் சீக்கிரம் காயும், வருஷக்கணக்கில் உழைக்கும், விலையும் கட்டுப்படியாகும். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த இந்த இழையும் தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கும் அடிப்படையில் ஒன்றே. இதைப் பருத்தி மாதிரியே கையாள்வதால்தான் பிரச்சினை வருகிறது.

ஆபத்தான தவறு, பாலியஸ்டர் நைட்டியோடு அடுப்படியில் நிற்பது. பருத்தியும் தீப்பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பாலியஸ்டர் 250 டிகிரியைத் தாண்டினால் உருகி, தோலில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால் காயம் ஆழமாகும். பருத்தி கலந்த துணிதானே என்றும் இருந்துவிட முடியாது. எரியும் பருத்தி, உருகிய பாலியஸ்டரைச் சொட்டவிடாமல் பிடித்துக்கொண்டு சேர்ந்தே எரியும். தீபாவளிக்குக் குழந்தைகளுக்குப் பளபளவென்று ஃபிராக் வாங்குங்கள், போட்டோவும் எடுங்கள். பட்டாசு வெடிக்கும் நேரத்தில் மட்டும் உடம்போடு ஒட்டிய பருத்தி உடைக்கு மாற்றிவிடுங்கள். தப்பித்தவறி விபத்து நடந்துவிட்டால், ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது வேர்வை. நூறு கிராம் பருத்தி காற்றிலிருந்தே ஏழெட்டு கிராம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுக்காது. நெருக்கமாக நெய்த பாலியஸ்டர் சட்டையில் முதுகு நசநசப்பது அதனால்தான். அப்படியென்றால் விளையாட்டு ஜெர்சி மட்டும் எப்படி வசதியாக இருக்கிறது? அதுவும் பாலியஸ்டர்தான். ஆனால் காற்றுப் போகும்படி பின்னியிருப்பார்கள்; இழைகளின் இடுக்கு வழியாக வேர்வை வெளிப்பக்கம் பரவிக் காய்ந்துவிடும். ஆகவே கடையில் லேபிளை மட்டும் பார்க்காதீர்கள். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்றே போகாவிட்டால் வெயில் காலத்துக்கு அது வேண்டாம்.

துவைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீரை ஏற்காத இந்த இழை எண்ணெயை விடாது. தலை எண்ணெய் இறங்கிய காலர், சாம்பார் சிந்திய இடம் இரண்டையும் வெறும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் போகாது. பாத்திரம் துலக்கும் திரவத்தில் ரெண்டு சொட்டு அந்த இடத்தில் விட்டு, விரலால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சுருக்கம் நிரந்தரமாக விழுந்துவிடும். அக்குள் நாற்றம் போகாத சட்டைக்கு வாசனை கண்டிஷனர் ஊற்றுவதும் வீண். இழையின் மேல் அது படலமாகப் படிந்து அழுக்கை உள்ளேயே நிறுத்திவிடும். வேர்த்த சட்டையைப் பையில் சுருட்டி வைக்காமல் அன்றைக்கே உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்தாலே நாற்றம் பெரும்பாலும் நின்றுவிடும்.

கறுப்புப் பேன்ட்டின் பாக்கெட் ஓரத்திலும் தையல் மேலும் கண்ணாடி மாதிரி மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான இஸ்திரிப் பெட்டி இழையை நசுக்கிய அடையாளம் அது. பெரும்பாலும் திரும்பப் போகாது. இஸ்திரிப் பெட்டியின் திருகில் இரண்டு புள்ளி போட்டிருக்கும் சூட்டுக்கு மேல் வைக்காமல், உள்பக்கம் திருப்பியோ ஈரப் பருத்தித் துணியை மேலே போட்டோ தேய்க்க வேண்டும். இஸ்திரிக் கடையில் கொடுத்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பழசான பாலியஸ்டர் புடவையைக் கிழித்து அடுப்படியில் கரித்துணியாக வைக்கும் பழக்கம். ஈரத்தையும் சரியாகத் துடைக்காது, சூடான வாணலியைப் பிடித்தால் கையிலேயே உருகவும் கூடும். அதற்குப் பழைய பருத்தி வேட்டியோ துண்டோ போதும்.