பஃபலோ பனில புதுசா வர்றவங்க பண்ற தப்புகள்

நவம்பர் வந்தா போதும், அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல இருக்கிற பஃபலோவுக்கு புதுசா படிக்கவும் வேலைக்கும் வந்த நம்ம பசங்க, நாங்க வந்த புதுசுல பண்ணின அதே தப்புகளை வரிசையா பண்றாங்க. நல்ல ஜாக்கெட் வாங்கு, ஷூ வாங்குன்னு சொல்றதுக்காக இதை எழுதல, அது எல்லாருக்கும் தெரியும். இங்க ஏரிலேர்ந்து வர்ற லேக் எஃபெக்ட் பனி வேற ரகம், அதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஜன்னல் வழியா வானத்தைப் பார்த்துட்டு கிளம்புறது

எனக்கு இன்னைக்கும் கோவம் வர்றது இதுக்குத்தான். வடக்க ஆம்ஹர்ஸ்ட்ல வெயில் அடிக்குது, வானம் பளிச்சுனு இருக்கு, சரி தெக்க ஹாம்பர்க் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்னு காரை எடுக்குறது.

இது ஊர் பூரா ஒரே மாதிரி பெய்யுற பனி இல்லங்க. ஈரி ஏரித் தண்ணி இன்னும் ஆறாம இருக்கும்போது மேல கடுங்குளிர் காத்து வரும், தண்ணிக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற காத்துக்கும் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தாலே ஈரம் மேல ஏறி மேகமாகி பனியா கொட்ட ஆரம்பிச்சுடும். அதுலயும் காத்து ஏரியோட நீளவாக்குல, தென்மேற்குலேர்ந்து முன்னூத்தி சொச்சம் கிலோமீட்டர் தண்ணி மேலயே ஓடி வந்துச்சுன்னா மேகமெல்லாம் ஒரே நீளப் பட்டையா சேர்ந்துடும். பல நேரம் அந்தப் பட்டை 20, 30 கிலோமீட்டர் அகலம் கூட இருக்காது, உள்ள மணிக்கு 3 இன்ச்சுக்கு மேல கொட்டும், வெளிய வெயில் அடிக்கும். காத்து கொஞ்சம் திரும்பினா பட்டையும் நகர்ந்துடும்.

2014 நவம்பர்ல இதேதான் நடந்துச்சு. கிழக்க லாங்காஸ்டர் பக்கமெல்லாம் 5 அடிக்கு மேல, சிட்டிக்கு வடக்க சில இன்ச்சு தான். த்ரூவேங்கிற பெரிய ஹைவேல வண்டிங்க அப்படியே நின்னுடுச்சு, நயாகரா யுனிவர்சிட்டி பெண்கள் பாஸ்கெட்பால் டீம் பஸ்ஸுக்குள்ளயே ஒரு நாளைக்கு மேல கிடந்தாங்க.

தெரிஞ்ச தம்பி ஒருத்தன் "அண்ணா, இங்க ஒண்ணுமே இல்லயே"ன்னு போன்ல சொல்லிட்டு கிளம்பினான், வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். முன்னாடி போன லாரியோட சிவப்பு லைட்டை பிடிச்சுக்கிட்டே போயிருக்கான், ஒரு கட்டத்துல அதுவும் மறைஞ்சு, வைப்பர்ல ஐஸ் கட்டி, ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியாம உருட்டிக்கிட்டே போய் ஒரு கேஸ் ஸ்டேஷன்ல ராத்திரி பூரா உக்காந்திருந்தான். கேஸ் ஸ்டேஷன் கண்ணுல பட்டது அவன் அதிர்ஷ்டம். 2022 டிசம்பர் பிளிஸார்ட்ல, அதான் பெரிய பனிப்புயல்ல, இங்க 40 பேருக்கு மேல செத்தாங்க, காருக்குள்ள செத்தவங்களும் உண்டு, தெருவுல செத்தவங்களும் உண்டு. ஆம்புலன்ஸும் பனி தள்ளுற வண்டியுமே மாட்டிக்கிச்சு, யாரு வந்து தூக்குவா?

கிளம்புறதுக்கு முன்னாடி, பனி எங்க கொட்டுதுன்னு காட்டுற வெதர் ரேடாரைப் பாருங்க. நேஷனல் வெதர் சர்வீஸ் எச்சரிக்கைல எந்த ஊர் பேர் இருக்கு, காத்து எந்தப் பக்கம் திரும்பப் போகுதுன்னு படிங்க. டிராவல் பேன், அதாவது வண்டி ஓட்டக் கூடாதுன்னு தடை, போட்டுட்டா வண்டிய தொடவே தொடாதீங்க.

மொபைல்ல டெம்பரேச்சர் மட்டும் பாக்குறது

அதுல பட்டை தெரியாது.

மாட்டிக்கிட்டா ஹீட்டரைப் போட்டுட்டு தூங்குறது

சைலன்சர் குழாயை பனி மூடிடுச்சுன்னா கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு உள்ள வரும், வாசனையே தெரியாது. குழாயைச் சுத்தி பனியைத் தள்ளிட்டு கொஞ்ச நேரம் மட்டும் என்ஜின் ஓட்டுங்க, ஒரு ஜன்னலை லேசா இறக்கி வைங்க. வீட்டுலயும் இதே கதைதான், சுவர்லேர்ந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற ஃபர்னஸ் (வீட்டு ஹீட்டர்) பைப்பை பனி மூடாம பாத்துக்கோங்க.

வண்டிய விட்டுட்டு நடக்குறது

வேண்டாம். நாலடி தாண்டினா வண்டியே கண்ணுக்குத் தெரியாது.

ஒரே மூச்சுல பனி வாருறது

ஈரப்பனி கனக்கும். ஒவ்வொரு புயல்லயும் ஹார்ட் அட்டாக் சாவு வருது, நிறுத்தி நிறுத்தி வாருங்க.

ஜனவரி தாண்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்குறது

ஈரி ஆழம் கம்மி, சராசரி 19 மீட்டர் தான், அதனால சீக்கிரம் உறையும், உறைஞ்சா பனி குறையும். ஆனா குளிர் கம்மியான வருஷம் அது சரியா உறையவே உறையாது. ஒன்டாரியோ ஏரி ரொம்ப ஆழம், முழுசா உறையுறது அபூர்வம், அதனால அந்த ஏரிக்குக் கிழக்க இருக்கிற வாட்டர்டவுன், டக் ஹில் பக்கம் போறவங்க மார்ச் வரைக்கும் ரேடார் பாத்துட்டே கிளம்புங்க.