சூத்திரத்தைத் திருப்பிப் போடுவது எப்படி? வெயிலில் தொடங்கி வட்டி வரை

செய்தித்தாளில் 'வெயில் சதமடித்தது' என்று போடுகிறார்கள். அதே நாளில் கைபேசியைப் பார்த்தால் 38 டிகிரி என்கிறது. இரண்டும் சரிதான். முன்னது ஃபாரன்ஹீட், பின்னது செல்சியஸ். இரண்டையும் இணைக்கும் சூத்திரம் இது:

ஃபா = செ × 9 ÷ 5 + 32

செல்சியஸ் தெரிந்தால் ஃபாரன்ஹீட் உடனே வந்துவிடும். ஆனால் நம் கையில் இருப்பது ஃபாரன்ஹீட், அதாவது 100. வேண்டியது செல்சியஸ். அப்படியென்றால் 'செ = ...' என்று தொடங்கும்படி சூத்திரத்தைத் திருப்ப வேண்டும். இலங்கைத் தமிழ் மாணவர்கள் இதை எழுவாய் மாற்றுதல் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. வாக்கியத்தில் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்தானே எழுவாய்?

வழிக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்திருந்தால் இன்றைக்கு மட்டும் அதை மறந்துவிடுங்கள். நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகளின் நோட்டில் அதிகமாகச் சிவப்பு மை படுவது இந்த ஒரு வரியால்தான். 3 × வ = 12 என்று கொடுத்தால் '3 அந்தப் பக்கம் போகிறது, மைனஸ் ஆகிறது' என்று நினைத்து வ = 12 − 3 = 9 என்று எழுதிவிடுகிறார்கள். எந்த எண்ணும் எங்கேயும் போவதில்லை. சமக்குறிக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வேலையைச் செய்தால் சமம் கெடாது. இங்கே இரண்டு பக்கத்தையும் 3 ஆல் வகுக்கிறோம், வ = 4. அவ்வளவுதான்.

சரி, வெயிலுக்கு வருவோம்.

முதல் படி: யார் வேண்டும் என்று பாருங்கள். செ வேண்டும். பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

இரண்டாம் படி: செ-க்கு என்னென்ன நடந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லுங்கள். முதலில் 9 ஆல் பெருக்கினார்கள். அப்புறம் 5 ஆல் வகுத்தார்கள். கடைசியில் 32 கூட்டினார்கள்.

மூன்றாம் படி: கடைசியில் நடந்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் அடியில், பொரியல் நடுவில், அப்பளம் மேலே. சாம்பாரை எடுக்க வேண்டுமானால் மேல் அடுக்கைத்தான் முதலில் கழற்ற முடியும். இங்கே மேல் அடுக்கு + 32. அதை நீக்க இரண்டு பக்கமும் 32 கழிக்கிறோம்:

ஃபா − 32 = செ × 9 ÷ 5

அடுத்தது ÷ 5. இரண்டு பக்கமும் 5 ஆல் பெருக்குகிறோம்:

(ஃபா − 32) × 5 = செ × 9

கடைசியாக இரண்டு பக்கமும் 9 ஆல் வகுக்கிறோம்:

செ = (ஃபா − 32) × 5 ÷ 9

இப்போது 100 போடுங்கள். 68, பிறகு 340, பிறகு 37.8. கைபேசி அதைத்தான் 38 என்று காட்டியது. அடுக்கின் வரிசையை மாற்றி, முதலில் 5 ஆல் பெருக்கி 9 ஆல் வகுத்துவிட்டுக் கடைசியில் 32 கழித்திருந்தால் 23.6 வந்திருக்கும். அது மார்கழிக் காலை. கத்திரி வெயில் இல்லை. அடைப்புக்குறி அங்கே இருப்பதன் காரணம் இதுதான்.

இந்தப் பின்னோக்கிய வழி இந்த மண்ணில் பழையது. 499ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆரியபட்டீயத்தில் ஆரியபட்டர் இதைச் சொல்லியிருக்கிறார்: திரும்பி வரும்போது பெருக்கியதை வகுக்க வேண்டும், வகுத்ததைப் பெருக்க வேண்டும், கூட்டியதைக் கழிக்க வேண்டும், கழித்ததைக் கூட்ட வேண்டும்.

அடுத்து வட்டிக் கணக்கு. நாற்பதாயிரம் கடன் வாங்கி, 15 மாதம் கழித்து வட்டியோடு 49,000 கட்டியிருக்கிறீர்கள். என்ன வீதம்?

வட்டி = அசல் × ஆண்டு × வீதம் ÷ 100

வட்டம் போட வேண்டியது வீதத்துக்கு. இரண்டு பக்கமும் 100 ஆல் பெருக்கி, பிறகு (அசல் × ஆண்டு) ஆல் வகுத்தால்:

வீதம் = வட்டி × 100 ÷ (அசல் × ஆண்டு)

வட்டி 9,000. 15 மாதம் என்றால் 1.25 ஆண்டு. 9,00,000 ÷ 50,000 = 18. ஆண்டுக்கு 18 சதவீதம், ஊர்ப்பேச்சில் ஒன்றரை வட்டி. ஆண்டு இருக்கும் இடத்தில் 15 என்றே போட்டிருந்தால் 1.5 வந்திருக்கும். அது மாத வீதம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கடன் மலிவாகத் தெரியும், கவனமாக இருங்கள்.

இனி வருவதுதான் பலர் திணறும் இடம். கட்டிய மொத்தத் தொகை தெரியும், அசல் எவ்வளவு என்று கேட்கிறார்கள்:

தொகை = அசல் + அசல் × ஆண்டு × வீதம் ÷ 100

அசல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் தனியாக்கினால் 'அசல் = தொகை − அசல் × ...' என்று வரும். வலப்பக்கத்தில் அசல் இன்னும் உட்கார்ந்திருக்கிறதே! அசல் தெரிந்தால்தான் அசலைக் கண்டுபிடிக்க முடியும் என்றாகிவிடும். அதனால் கேரியரைத் தொடும் முன், இரண்டு அசலையும் பொதுவாக வெளியே எடுக்க வேண்டும்:

தொகை = அசல் × (1 + ஆண்டு × வீதம் ÷ 100)

அந்த 1 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். முதல் அசல் என்பது அசல் × 1. அதை வெளியே எடுத்த பிறகு மிஞ்சுவது 1. இப்போது அசல் ஒரே இடத்தில் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் அந்த அடைப்புக்குறி முழுவதாலும் வகுத்துவிடலாம்:

அசல் = தொகை ÷ (1 + ஆண்டு × வீதம் ÷ 100)

2 ஆண்டு, 12 சதவீதம், கட்டியது 62,000 என்றால் 62,000 ÷ 1.24 = 50,000. சரிபார்க்க, 50,000-க்கு இரண்டு ஆண்டு வட்டி 12,000. கூட்டினால் 62,000 வருகிறது. 62,000-இல் 24 சதவீதத்தைக் கழித்தால் 47,120 வரும். அது தவறு, ஏனென்றால் வட்டி போட்டது அசலுக்குத்தான், மொத்தத் தொகைக்கு அல்ல.

வர்க்கமூலம் வந்தாலும் பயப்பட வேண்டாம். அதுவும் ஓர் அடுக்கு, அதன் எதிர்ச்செயல் வர்க்கம். தனி ஊசல், அதாவது நூலில் கட்டி ஆடவிட்ட கல், ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் அலைவு நேரம். அதன் சூத்திரத்தில் பாருங்கள்:

அலைவு நேரம் = 2 × பை × √(நீளம் ÷ ஈர்ப்பு)

நீளம் வேண்டும். இரண்டு பக்கமும் 2 × பை ஆல் வகுங்கள், வர்க்கப்படுத்துங்கள், ஈர்ப்பால் பெருக்குங்கள்:

நீளம் = ஈர்ப்பு × (அலைவு நேரம் ÷ (2 × பை))²

அலைவு நேரம் 2 நொடி, ஈர்ப்பு 9.8 என்று போட்டால் 0.993 மீட்டர் கிடைக்கும். நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி, கல்லின் நடுவிலிருந்து மேல் முடிச்சு வரை 99 சென்டிமீட்டர் இருக்கும்படி ஜன்னல் கம்பியில் தொங்க விடுங்கள். லேசாக இழுத்து விட்டு, போய்த் திரும்புவதை ஒன்று என்று வைத்துப் பத்து வரை எண்ணுங்கள். கடிகாரத்தில் 20 நொடி ஆகியிருக்கும்.